வெடிச் சத்தம் கேட்காத கண்மாயும் திண்டுக்கல் உழவரும்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று இரண்டு சிற்றூர்கள் உள்ளன. தீபாவளியன்று இந்த ஊர்களில் வெடிச் சத்தம் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்கூட வேட்டுப் போடுவதில்லை. காரணம், ஊர்க் கண்மாயில் உள்ள கருவேல மரங்களில் அந்தச் சமயத்தில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். வெடிச் சத்தத்தில் அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால் முட்டையைக் காக்கை கொண்டுபோய்விடும். குஞ்சு பொரித்திருந்தால் அது மிரண்டு கீழே விழும். இதைக் கண்டறிந்த ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. 1977-ல் அரசு பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்து 38 எக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊரார் கட்டுப்பாடு அதற்கு முந்தியது. வெடி வாங்கித் தரமுடியாத பிள்ளைகளுக்கு ஈடாக, தீபாவளியன்று வனத்துறையினர் இனிப்பு வழங்குவதும் வழக்கமாகியிருக்கிறது.

திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டார விவசாயிகள் ஒருமுறையேனும் குடும்பத்துடன் சென்று காண வேண்டிய இடம் இது. வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமையின் கீழ் உழவர்களைக் கண்டுணர் சுற்றுலா அழைத்துச் செல்கிறார்கள். ஆராய்ச்சி நிலையம், நாற்றங்கால், சொட்டுநீர்ப் பண்ணை என்று பார்த்துத் திரும்புகிறார்கள். நல்லதுதான். அந்தப் பயணத்தில் அரை நாளை ஒரு கண்மாய்க் கரைக்கும் ஒதுக்கினால், பயிர்ப் பாதுகாப்பு வகுப்பில் சொல்ல முடியாத சில பாடங்களைக் கண்ணாலேயே காணலாம்.

எச்சம் என்னும் உரம்

பறவைக்கு இடம் கொடுத்தால் உழவருக்கு என்ன வருமானம் என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று மதுராந்தகம் பகுதியில் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 எக்டேர் பரப்புள்ளது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் தங்குகின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இவற்றைச் சுடுவதற்குத் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தபோது, ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து அப்போதைய செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-ல் எழுத்துமூலம் ஆணை கொடுத்தார். நாட்டில் வனவிலங்குச் சட்டம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஏர் பிடித்தவர்கள் கேட்டு வாங்கிய ஆணை அது.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் விழுந்து கலந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு மேலுரம் குறைவாகப் போட்டாலே பயிர் கருகருவென்று வரும் என்பது அங்குள்ள ஆயக்கட்டு விவசாயிகளின் நீண்டகால அனுபவம். உழவர் மொழியில் சொன்னால், ஏரியே உரக் கரைசல் தொட்டி. மீனையும் நத்தையையும் வெளியூர்க் குளங்களிலும் வயல்களிலும் பிடித்துத் தின்று, எச்சத்தை இந்த ஏரியில் வந்து போடுகின்றன பறவைகள். அதாவது பல ஊர்ச் சத்து ஓர் ஊர் வயலுக்குச் சேருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். அங்கே வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டுவதுண்டு. நாற்றம், அழுக்கு எல்லாம் இருந்தும் ஊரார் விரட்டுவதில்லை.

வண்டல் எடுக்கும்போது, பறவைகள் தங்கும் மரத்தடி வண்டலுக்கு நம் பகுதியிலும் தனி மதிப்புண்டு. அனுமதி பெற்று வண்டல் எடுப்பவர்கள் அந்த இடத்து மண்ணை மண் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, அடியுரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

மரத்தை வெட்டும் முன்

மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் என்பதைத் திண்டுக்கல்லில் குளம் என்கிறோம். பெயர்தான் வேறு. நம் குளங்களிலும் நீர் பெருகினால் நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் வந்து இறங்குகின்றன. வந்தவை தங்கிக் கூடு கட்டுமா, இரண்டு நாள் மேய்ந்துவிட்டுப் பறந்துவிடுமா என்பது தண்ணீரையும் மரத்தையும் பொறுத்தது.

1981-ல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகத்தின் பல குளங்களுக்குள் நாட்டுக் கருவேல் நடப்பட்டது. விறகுக்காகவும் ஊராட்சி வருமானத்துக்காகவும் நட்ட மரங்கள் அவை. பறவைகளோ அவற்றைத் தங்களுக்கென்று நட்டதாகவே எடுத்துக்கொண்டன. தண்ணீர் சூழ்ந்து நிற்கும் முள்மரத்தில் பூனையும் கீரியும் ஏறமுடியாது என்பதால் கூட்டுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. மரம் முற்றியதும் ஏலம் விடுவது முறை. ஏலத் தொகையும் ஊருக்கு வேண்டியதே. இங்கேதான் சங்கடம் வருகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது கோடரி விழுந்தால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் அத்தனையும் அழிந்துபோகும். மறு ஆண்டு பறவைகள் அந்தக் குளத்தை நாடுவதும் குறையும்.

ஏலமே கூடாது என்பதில்லை. கார்த்திகை முதல் பங்குனி வரை வெட்டாமல், குஞ்சுகள் பறந்து குளம் வற்றிய பிறகு வெட்டலாம். குளத்தின் நடுப்பகுதியில் நீர் நிற்கும் இடத்து மரங்களில் நாலில் ஒரு பங்கை விட்டுவைத்து, ஓரத்து மரங்களை ஏலம் விடலாம். கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதி வைத்தால் ஆள் மாறினாலும் நிலைக்கும். ஏலத்தொகையில் சிறிது குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறைவை ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தக் குளத்துப் பாசனக்காரர்களே.

இன்னொரு குழப்பம் சீமைக் கருவேலால் வந்தது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி, தென் மாவட்டங்களில் அதை அகற்றும் பணி வேகம் பிடித்தது. அகற்றும்போது ஆட்களுக்கு மரம் தெரிந்திருக்க வேண்டும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் பந்துபோல் உருண்டையாக இருக்கும். காய் மணி கோத்ததுபோல் இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ விரல்போல் நீண்ட கதிர். காய் மஞ்சளாக, நேராக இருக்கும். அடியிலிருந்தே பல கிளைகளாகப் புதர்போல் வளரும். இயந்திரத்தை இறக்குமுன் விட்டுவைக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுவது எளிய வழி.

கோட்டையும் கூகையும்

தூரப் பயணத்துக்கு வசதி இல்லாதவர்கள் ஊரிலுள்ள மலைக்கோட்டையிலிருந்தே தொடங்கலாம். திண்டுபோல் கிடக்கும் இந்தப் பாறையின்மேல் 1605-ல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை கட்டினார். பின்னர் ஐதர் அலி இங்கிருந்து படை நடத்தினார். 1790-ல் வெள்ளையர் வசமாயிற்று. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டே ஏறினால், பாறைச் சரிவில் வட்டமிடும் பருந்தையும், வாயைத் திறந்தபடி கொசுவையும் ஈயையும் வாரிக்கொண்டு பறக்கும் உழவாரக் குருவியையும் காட்டலாம்.

பழைய கோட்டை, பாழடைந்த மண்டபம், கோயில் கோபுரம் ஆகியவற்றை விரும்பும் இன்னொரு பறவை கூகை. இதய வடிவ வெள்ளை முகம் கொண்டது. சாக்குருவி என்று பெயர் வைத்து, அது கத்தினால் வீட்டில் இழவு விழும் என்று கல்லெறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. நெல், நிலக்கடலை, தென்னை வைத்திருப்பவர்கள் இதனிடம் காட்ட வேண்டியது நன்றி. கூகையின் முக்கிய உணவு எலியும் சுண்டெலியும். குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஒரு ஜோடி இரவில் பல எலிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கோபுர அடியில் கிடக்கும் அந்த உருண்டையைக் குச்சியால் பிரித்தால் எலி மண்டை ஓடுகளை எண்ணியே பார்க்கலாம். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியமர்த்தி எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

நம் வயலில் செய்யக்கூடியது எளிது. நெல் வயலில் ஆறடி உயரத்தில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும், பகலில் கரிச்சானும் மைனாவும் அமரும். ஏக்கருக்கு 20 போதும். கரிச்சான் புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது இந்தக் குச்சிகளை மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு நாமே நாற்காலி போட்டதாகும். எலிக்குப் புரோமோடியோலோன் போன்ற மருந்து வைக்கும் வயலில், செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைப்பதும் அவசியம். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும்.

சூறைக்குருவியும் மயிலும்

எல்லாப் பறவையும் உழவனுக்கு நண்பன் என்று எழுதுவது வழக்கம். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் சோளம் போட்டவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் சூறைக்குருவி, கரிய தலையும் இளஞ்சிவப்பு உடலும் கொண்டது. சோளக்குருவி என்றும் பெயர். கதிர் முற்றும் சமயம் ஒரு கூட்டம் இறங்கினால் விளைச்சலில் கைவைத்துவிடும். இதே குருவி கோடையில் குஞ்சு பொரிக்கும் மத்திய ஆசிய நாடுகளில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் மாநிலத்தில் இதற்காகவே கல்லும் சிமெண்டும் கொண்டு கூடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதே சீனா 1958-ல் சிட்டுக்குருவி தானியம் தின்கிறது என்று நாடு முழுவதும் தகரம் தட்டிக் கொன்று தீர்த்தது. பூச்சி பெருகிப் பயிர் போனபின் 1960-ல் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டது.

இன்று நம் மாவட்டத்தில் அதிகம் கேட்கும் புலம்பல் மயிலைப் பற்றியது. தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோள நாற்று எதையும் விடுவதில்லை. விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் விஷம் கலந்த தானியம் வைப்பது தீர்வாகாது. அது மயிலோடு கவுதாரி, காடை, வீட்டுக் கோழி, காவல் நாய் எல்லாவற்றையும் கொல்லும். 1963 முதல் தேசியப் பறவையான மயில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமான பளபளக்கும் ரிப்பனை முறுக்கிப் பயிருக்கு மேல் ஓரடி உயரத்தில் கட்டினால், காற்றில் எழும் ஒளியும் ஓசையும் சில நாள் விரட்டும். பறவை பழகிவிடும். ஆகையால் விதைத்த முதல் இரண்டு வாரமும் அறுவடைக்கு முந்திய இரண்டு வாரமும் மட்டும் கட்டுவது புத்திசாலித்தனம். நாற்றங்காலுக்கு வலை போடுவதே உறுதியானது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்துமூலம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைக்க வேண்டும். வாய்ச் சொல்லாகப் போகும் குறை கணக்கில் ஏறாது.

எப்போது, எப்படிப் போவது?

மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி வழியே திருப்பத்தூர் சென்று, மதுரைச் சாலையில் திரும்பினால் கொள்ளுக்குடிப்பட்டியை அடையலாம். விடியுமுன் புறப்பட வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டு கிடக்கும். ஆகவே முன்கூட்டி வனத்துறையில் விசாரித்துக்கொள்வது நல்லது. வழியில் நேரமிருந்தால் அழகர்மலைக் காப்புக்காட்டை அடுத்த காசம்பட்டி வீரகோவில் காட்டையும் பார்க்கலாம். மாந்தோப்புகளுக்கு நடுவே 4.97 எக்டேரில் நிற்கும் இந்தக் கோயில் காட்டை 2025-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஊரார் சாமிக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காததால் பிழைத்த காடு.

வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம். காக்கி, பச்சை நல்லது. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். குழுவுக்கு ஒரு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது கைக்கு அடங்கும். பேச்சைக் குறைத்து, கூட்டின் அடியில் போகாமல், பாலிதீன் பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பார்த்ததைக் குறித்து வைக்கவும் வழியுண்டு. பொங்கல் விடுமுறை நான்கு நாட்களிலும் தமிழகமெங்கும் பொதுமக்கள் பங்குபெறும் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. வயலோரத்திலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் தளத்தில் பதிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் செல்பேசியில் எளிதாகச் செய்துவிடுவார்கள். பெயர் தெரியாத பறவையை மட்டும் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால், நூலில் இல்லாத பெயர் ஒன்றும் கிடைக்கக்கூடும்.