திறவுகோலும் தமிழும்

'பஞ்சவன்னத்தூது' பாடிய இணுவிற் சின்னத்தம்பிப் புலவர் காலத்திலே, சுவடியொன்றை உடையவன் அதற்கு முழு உரிமையாளனாயிருந்தான். பிரித்துப் படிக்கலாம், பிரதி செய்யலாம், பிழை கண்டவிடத்துத் திருத்தலாம். இன்று நம் கைக்கு வரும் மின்னூற் கருவியின் நிலை வேறு. விலை கொடுத்தவர் நாம். அதிகாரம் செலுத்துபவர் விற்றவர். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, பதிப்புரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களைக் கேளாமலே அவர்தம் கிண்டில்களிலிருந்து அமேசான் நிறுவனம் 2009ஆம் ஆண்டு அழித்தது. அழிப்பதற்கு வேறு நூல் அகப்படவில்லை போலும்!

பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்னும் அமெரிக்கப் புத்தக வணிகர் 2011இல் வெளியிட்ட நூக் சிம்பிள் டச், கடல்கடந்த உறவினர் பெட்டியிலே இணுவிலுக்கும் வந்துசேரத்தக்க கருவி. ஆறங்குலத் திரை; எடை 212 கிராம்; மின்மையால் எழுத்துத் தோன்றுவதால் வெயிலிலும் படிக்கலாம். உள்ளே இயங்குவது ஆண்ட்ராய்டு 2.1. ஆனால் அந்நிறுவனத்தார் தம் கடையையும் வாசிப்புச் செயலியையும் முன்னிறுத்தி, ஏனைய வாயில்களை அடைத்துவிட்டனர். லினக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் எல்லா அதிகாரமும் உடைய பயனருக்கு 'ரூட்' என்று பெயர். அவ்வதிகாரத்தை நாமே பெறுவதுதான் 'ரூட் செய்தல்'. நூக் கருவி மைக்ரோ எஸ்டி அட்டையிலிருந்தும் இயங்கத் தொடங்குமாதலால், அட்டையில் எழுதிய சிறு மென்பொருளே பூட்டைத் திறந்துவிடும். பின்னர் வேறு செயலிகளை நிறுவலாம், எழுத்துருவையும் மாற்றலாம்.

தமிழருக்கு இதில் தனி அக்கறை உண்டு. தமிழெழுத்துரு இல்லாத அக்கருவியில் நம் சொற்கள் வெறுங்கட்டங்களாகவே தோன்றின. பூட்டைத் திறந்து எழுத்துருவைச் சேர்த்தாலோ, இன்னொரு தொல்லை. ஒருங்குறி முறையில் 'பெ' என்னும் எழுத்துக்குப் பகரம் முதலிலும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படும். திரையிலே கொம்பை முன்னே கொணர்வது இயங்குதளத்தின் கடமை. பழைய ஆண்ட்ராய்டு அதனை அறியாது. ஆகவே 'பெயர்' என்பது 'பயெர்' என நிற்கும். திறவுகோல் கிடைத்தும், வீட்டினுள்ளே தமிழறிந்தவர் இல்லாத கதை இது.

இக்குறையைத் தமிழர் சிலர் வேறு வழியாற் கடந்தனர். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தார் தம் நூல்களை ஆறங்குலத் திரைக்கென்றே தனிப் பி.டி.எஃப். கோப்புகளாகவும் தருகின்றனர். எழுத்தின் வடிவம் கோப்பிலேயே பதிந்திருப்பதால், பூட்டிய கருவியிலுங்கூடத் தமிழ் சிதையாது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்ட மண்ணிலே, ஈழத்து நூல்களை மின்வடிவிற் காக்க 2005இல் தோன்றிய 'நூலகம்' திட்டத்தின் தொகுப்பிலோ, பெரும்பாலானவை அச்சுப்பக்கங்களின் படங்கள். சிறு திரையில் அவை எறும்பு வரிசையாகிவிடும். கோரீடர் என்னும் இலவசச் செயலி அப்படத்திலுள்ள வரிகளைத் துண்டாடி, பெரிதாக்கி, மறுபடி அடுக்கித் தரவல்லது. பழைய நூக்கில் அது இயங்காது. ஓனிக்ஸ் பூக்ஸ் முதலிய பிற்கால ஆண்ட்ராய்டுக் கருவிகளிலே, ரூட் செய்யாமலே நிறுவலாம்.

பழைய கருவியைத் திறக்கத் துணிவோர், முதலில் அதன் உள்நினைவகம் முழுவதையும் பிரதி செய்து வைத்தல் வேண்டும், மின்கலமும் நிறைந்திருக்கவேண்டும். இடையிலே நின்றுபோனால் கருவி வெறும் பலகையாகிவிடக்கூடும், உத்தரவாதமும் போய்விடலாம். புதிது வாங்குவோருக்கு இத்தனை பாடு இல்லை. 'பெயர்' என்ற ஒரு சொல்லைத் திரையில் வரவழைத்துப் பார்த்த பின் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.