மொரிஸ் மைனரின் கியர் பொக்ஸ்: கழற்றி எறிய முன் திறந்து பாருங்கள்

யாழ்ப்பாண வீதிகளில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம் இன்னும் ஓடுகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அவை வேறு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. நோயாளரையும் பிரசவத் தாய்மாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவையும் இவைதான். என்ஜினுக்கே நல்ல ஒயில் கிடைக்காத அந்நாட்களில் கியர் பொக்ஸ் ஒயிலை யார் மாற்றினார்கள்? அந்தத் தேய்மானம் இன்று சத்தமாகக் கேட்கிறது.

என்னிடம் கார் கொண்டுவரும் பலர், "கியர் பொக்ஸ் முடிஞ்சுது, யப்பான் பொக்ஸ் ஒண்டு போடுங்கோ" என்றுதான் சொல்கிறார்கள். முதலில் சத்தத்தைக் கேட்போம் என்பேன்.

மைனருக்கு நான்கு கியர்கள். முதலாம் கியருக்குச் சிங்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது அதற்கு மாற்றினால் கரகரப்பது பழுதல்ல. காரை நிறுத்தி மாற்ற வேண்டும், அல்லது இரண்டுதரம் கிளச் மிதிக்க வேண்டும். இரண்டாம் கியர் கரகரத்தால் சிங்ரோ தேய்ந்துவிட்டது என்று பொருள். காலை எடுத்தவுடன் கியர் தானாகக் கழன்று விழுந்தால், செலக்ரர் ஸ்பிறிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம். முதல் மூன்று கியரிலும் இரைந்து, நான்காவதில் அடங்கினால் சந்தேகம் லே சாஃப்ற்றில். நான்காவதில் விசை நேரே செல்கிறது. லே சாஃப்ற்றில் சுமை விழுவதில்லை.

திறக்கும்போது ஒயிலை வெள்ளைத் துணியில் வடியுங்கள். மெல்லிய பித்தளைத் தூள் வயதின் அடையாளம். இரும்புச் சிம்பு கண்டால் பல்லோ பெயரிங்கோ உடைந்திருக்கிறது. சிங்ரோ ஹப்பைக் கழற்றும்போது துணியால் மூடிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் சிறு குண்டுகளும் ஸ்பிறிங்குகளும் பாய்ந்து தொலைந்துவிடும். லே சாஃப்ற்றின் மேற்பரப்பு பொரிந்திருந்தால் அதையும் ஊசி உருளைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய சாஃப்ற்றில் புதிய உருளைகள் நிலைக்காது. பூட்டும்போது உருளைகளைக் கிறீஸில் ஒட்டி எண்ணி அடுக்கி, அதேயளவு தடிப்புள்ள ஒரு கட்டைத் தண்டால் தாங்கி வைத்து, உண்மையான சாஃப்ற்றைத் தள்ளுங்கள்.

ஒயில் விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் பொக்ஸுக்குத் தேவை என்ஜின் ஒயில், ஏறக்குறைய 1.3 லீற்றர். பின் அச்சுக்கு ஊற்றும் தடித்த கியர் ஒயிலை இதற்குள் விட்டால், அதிலுள்ள இரசாயனம் சிங்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும்.

ஐந்து கியர் பொக்ஸ் போடுவது பிழையல்ல. பிரித்தானியாவில் ஃபோர்ட் சியராவின் பொக்ஸை மைனருக்குப் பூட்டுகிறார்கள். ஏ9 வீதியால் அடிக்கடி கொழும்பு போபவருக்கு என்ஜின் இரைச்சல் குறையும். ஆனால் பெல் ஹவுசிங், புறொப்பெல்லர் சாஃப்ற்றின் நீளம், தாங்கிச் சட்டம், வேகமானிக் கேபிள் எல்லாம் மாற வேண்டும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடும் காருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் திறந்தபோதும் வரி எங்கள் கைக்கு எட்டவில்லை. பழைய காரைக் காப்பாற்றுவது பலருக்கு ஆசையல்ல, தேவை. போரில் வீடும் ஆவணமும் படங்களும் இழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அப்பாவின் கை பட்டதென்று மிஞ்சியிருப்பது இந்தக் கார் ஒன்றுதான். ஆகவே புதிய பொக்ஸ் போட்டாலும் பழையதை இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஒயில் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள். தடைக் காலத்தில் இந்த வேலை பழகிய கைகள் இப்போது முதுமையடைந்துவிட்டன. அவர்கள் இருக்கும்போதே ஒரு பொடியனைப் பக்கத்தில் இருத்தி, ஒரு பொக்ஸையாவது முழுதாகக் கழற்றிப் பூட்டப் பழக்குங்கள்.