பதின்பருவக் கர்ப்பம்: சட்டத்துக்கும் சிகிச்சைக்கும் இடையில்

10 முதல் 19 வயது வரையிலான காலத்தைப் பதின்பருவம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்போது, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 6.8 சதவீதத்தினர் ஏற்கெனவே தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். முந்தைய ஆய்வில் 7.9 சதவீதமாக இருந்த இந்த அளவு நாட்டளவில் இறங்கியிருக்க, தமிழ்நாட்டில் 5.0இலிருந்து 6.3ஆக ஏறியது. அதே காலத்தில் இம்மாநிலத்தில் 18 வயதுக்கு முன் நடக்கும் திருமணங்கள் குறைந்தன என்பதால் இந்த ஏற்றம் கூடுதல் கவலை தருகிறது. இக்கணக்கில் சட்டப்படி மணமுடித்த 18, 19 வயதுப் பெண்களும் அடங்குவர் என்றாலும், உடலளவில் அவர்களும் ஆபத்துக்கு விலக்கானவர்கள் அல்லர்.

இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடையாத இளம் வயதில் பிரசவம் தடைப்படக்கூடும். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், குறைமாதத்திலோ இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையிலோ குழந்தை பிறப்பதும் இவ்வயதினரிடம் அதிகம். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுவதை இதனுடன் சேர்த்துப் பார்க்கும்போது, பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இரத்தப்போக்குகூட இவர்களுக்கு ஏன் உயிராபத்தாகிறது என்பது விளங்கும். ஆயினும் இவற்றுள் பெரும்பகுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்து, தவறாமல் பரிசோதனைக்கு வந்தால் தணிக்கக்கூடியது. அப்படி வருவதுதான் சிறுமிக்குக் கடினமாகிறது.

அதற்குப் பெருங்காரணம் அச்சம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், 18 வயது நிறையாதவரின் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்வதில்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மருத்துவரும் இதற்கு விலக்கில்லை. வன்முறைக்கு உள்ளான சிறுமிக்கு இது இன்றியமையாத அரண். ஆனால் விரும்பி வீட்டை விட்டுச் சென்று மணந்துகொண்ட பெண்ணும், பெற்றோரே மணமுடித்துக் கொடுத்த பெண்ணும், மருத்துவமனைச் சீட்டு வாங்கினால் வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி மாதங்களைக் கடத்துகிறார்கள். கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் காலவரம்பு சிறுமியருக்கு 24 வாரம் என்பதால், கடத்திய ஒவ்வொரு வாரமும் ஒரு வழியை அடைக்கிறது. தகுதியற்றவரிடமும், கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையின் பக்கமும் இந்தத் தாமதம் அவர்களைத் தள்ளுகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் மருத்துவர் அவளது பெயரையோ அடையாளத்தையோ குறிப்பிடத் தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. ஊர்ப்புறத்துத் தாய்மாருக்கு இத்தீர்ப்பைக் கிராம சுகாதார செவிலியர் எடுத்துச் சொன்னாலே பல பெண்கள் உரிய நேரத்தில் மருத்துவரிடம் வந்துசேர்வார்கள்.

அச்சத்தைக் கடந்து பேறு காண வருபவளுக்கும் உதவி முழுமையாகக் கிட்டுவதில்லை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைத் தவணைகளில் வழங்குகிறது. அதற்குத் தாய் 19 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் ஊட்டச்சத்து மிகவும் தேவைப்படும் உடலுக்கே அது மறுக்கப்படுவதை நியாயமென ஏற்க இயலாது.

ஆணின் வாழ்வும் இதில் சிதைகிறது. சிறுமி கருவுற்றால் போக்சோ அதனைக் கடுமையான குற்றவகையில் சேர்ப்பதால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு சிறை. வயதில் சற்றே மூத்த காதலனும், சிறுமியை வஞ்சித்த நடுவயதினனும் ஒரே பிரிவின்கீழ் நிற்கிறார்கள். காதலன் சிறை சென்றபின் கைக்குழந்தையுடன் பெற்றோரை அண்டி வாழும் பெண்ணுக்குப் படிப்பு முதலில் நின்றுபோகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பள்ளியை விட்டு நின்ற இளந்தாய் அந்தப் படியை எட்ட வேண்டுமானால், பால்குடி மாறாத குழந்தையைப் பகலில் விட்டுவர ஓர் இடமும், மீண்டும் வகுப்பில் உட்கார்பவளைக் கூச வைக்காத ஆசிரியரும் அவளுக்கு வேண்டும்.