இணையச் சேவை: உருவாக்குவது பாதி, பழுது கண்டறிவது மீதி

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் ஒருவர், முதல் ஆண்டு முடிவதற்குள் சொந்தமாக ஓர் இணையச் சேவையை எழுதிவிட முடியும். பயிற்சிக் காணொளிகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அந்த வேலையை மேலும் எளிதாக்கியுள்ளன. ஆனால், பொதுமக்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அந்தச் சேவை திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது? மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் அதுதான்.

வேலை அனுபவப் பயிற்சிக்குச் செல்லும் மாணவரிடம், முதல் வாரத்திலேயே புதிய சேவை ஒன்றை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைப்பது அரிது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் உள்ள சிறு பழுதைச் சரிசெய்யும் வேலையே பெரும்பாலும் முதலில் கைக்கு வரும். எனவே, பழுது கண்டறிவதை ஒரு தனித் திறனாகவே பழகிக்கொள்வது நல்லது. அது ஊகத்தை நம்பிய வேலை அன்று. அதற்கென்று ஒரு வரிசை உண்டு. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் சிங்கப்பூரில் நடைபெறும் தமிழ்மொழி விழாவை முன்னிட்டு, ஒரு கல்லூரியின் மாணவர் மன்றம் புதிர்ப்போட்டி நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கான இணையப் பதிவுப் பக்கத்தை ஒரு மாணவர் தயாரிக்கிறார். பெயர், பள்ளி, தொலைபேசி எண் என மூன்றே கட்டங்கள். இவ்வளவு சிறிய பக்கத்தில்கூட கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒரு சொடுக்கின் பயணம்

பதிவுப் பக்கத்தின் முகவரியை ஒருவர் தம் கைப்பேசியில் தட்டியதும், அந்தக் கோரிக்கை பல கைகள் மாறிச் செல்கிறது. முதலில் டிஎன்எஸ் எனப்படும் பெயர் அட்டவணை, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிறது. அடுத்து, அந்த எண்ணுக்குரிய சர்வரை உலாவி தேடிச் சென்று ஒரு வாயிலைத் தட்டுகிறது. ‘போர்ட்’ எனப்படும் இந்த வாயில்களுக்கு எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு வழக்கமான வாயில் 443.

அந்த வாயிலில் எங்கின்எக்ஸ், அப்பாச்சி போன்ற மென்பொருள் ஒன்று வரவேற்பாளரைப்போல் நிற்கிறது. வந்த கோரிக்கையை அது மாணவர் எழுதிய நிரலிடம் அனுப்புகிறது. நிரல் தரவுத்தளத்தைக் கேட்கிறது. விடை, வந்த வழியே திரும்பிச் செல்கிறது.

பழுது இந்த வழியில் எங்கேயும் இருக்கலாம். ஆகவே கேள்விகளையும் அதே வரிசையில் கேட்க வேண்டும். பெயர் கண்டுபிடிக்கப்படுகிறதா? வாயில் திறந்திருக்கிறதா? வரவேற்பாளர் பதில் சொல்கிறாரா? நிரல் ஓடுகிறதா? தரவுத்தளம் விடை தருகிறதா? எந்தப் படியில் “இல்லை” என்ற பதில் முதலில் வருகிறதோ, அங்கே தேடலைத் தொடங்கலாம். இந்த வரிசை தெரியாதவர்கள், எல்லாம் சரியாக உள்ள நிரலைத் திறந்து மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியவை ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் கட்டமைப்பில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் தவறாகிப் போனது. அதன் விளைவாக, அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குச் செல்லும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. செயலிகளின் நிரலில் பிழை இல்லை. அவற்றைச் சென்றடையும் பாதைதான் இல்லாமல் போனது.

மூன்று இலக்கம் சொல்லும் சேதி

சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும். 2இல் தொடங்கினால் கோரிக்கை நிறைவேறியது. 3இல் தொடங்கினால் பெரும்பாலும் வேறு முகவரிக்குச் செல்லச் சொல்கிறது. 4இல் தொடங்கினால் கேட்ட விதத்தில் சிக்கல். 5இல் தொடங்கினால் சர்வர் தரப்பில் சிக்கல்.

401 என்றால் “நீங்கள் யார் என்று தெரியவில்லை” என்று பொருள். 403 என்றால் “உங்களுக்கு அனுமதி இல்லை”. 404 என்றால் “கேட்டது இங்கில்லை”. 500 வந்தால், பெரும்பாலும் நிரலே உள்ளுக்குள் இடறி விழுந்திருக்கிறது. 502 வந்தால், வரவேற்பாளர் நலமாக இருக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ள நிரலிடமிருந்து சரியான பதில் வரவில்லை. 504 வந்தால், அந்தப் பதில் உரிய நேரத்துக்குள் வரவில்லை.

எண் தெரிந்ததும் அடுத்து பார்க்க வேண்டியது, ‘லாக்’ எனப்படும் பதிவேடு. சர்வருக்கு வந்த கோரிக்கைகளும் நிகழ்ந்த பிழைகளும் நேரத்துடன் அதில் பதிவாகும். நீண்ட ஆங்கில வரிகளைக் கண்டதும் பலர் அதை மூடிவிடுகிறார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரல் என்றால், பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படித்தாலே போதும். என்ன பிழை என்பதை அது சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் அது நிகழ்ந்தது என்பதைக் காட்டும்.

‘என் கணினியில் வேலை செய்கிறதே!’

மாணவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய சொற்கள் இவை. சொந்த மடிக்கணினியில் நன்றாக ஓடிய நிரல், வாடகைச் சர்வருக்குப் போனதும் நிற்பதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு.

முதலாவது, 127.0.0.1 என்ற முகவரி. ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி அது. நிரல் அந்த முகவரியில் மட்டும் காத்திருந்தால், வெளியிலிருந்து நேரடியாக வரும் எவருக்கும் கதவு திறக்காது. இரண்டாவது, மடிக்கணினியில் இருந்த மென்பொருள் பதிப்பும் சர்வரில் உள்ள பதிப்பும் வேறாக இருப்பது. மூன்றாவது, நேரம்.

பல வாடகைச் சர்வர்களின் கடிகாரம் அனைத்துலக நேரப்படியே ஓடும். சிங்கப்பூர் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் உள்ளது. புதிர்ப்போட்டிப் பதிவு ஏப்ரல் 10ஆம் தேதி இரவு 11.59க்கு முடியும் என்று மாணவர் எழுதியிருக்கலாம். சர்வருக்கு அது சிங்கப்பூரில் மறுநாள் காலை 7.59. அதுவரை பதிவு திறந்தே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணும் 200 என்றே காட்டும். ஆனால், கெடுவைத் தவறவிட்டதாக எண்ணி ஒதுங்கியவர்களுக்கும், காலையில் பதிவு செய்தவர்களுக்கும் இடையே நியாயம் கெட்டுப்போகும். சேவை ஓடுகிறது என்பதற்காகவே அது சரியாக ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது.

நம் பெயர்கள், நம் எழுத்துகள்

பாடநூல்களில் அதிகம் காணப்படாத பழுது ஒன்று, நம் சமூகத்தினரின் பெயர்களில் இருக்கிறது. சிங்கப்பூரில் பல இந்தியர்களின் அதிகாரபூர்வப் பெயரில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ இருக்கும். மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று வரும். இடையில் உள்ள அந்தச் சாய்கோடு, இணைய முகவரியில் ஒரு பகுதியை இன்னொரு பகுதியிலிருந்து பிரிக்கும் குறியாகவும் இருக்கிறது.

பதிவு செய்தவரின் பெயரையே முகவரியில் சேர்த்து உறுதிப்படுத்தும் பக்கத்தை மாணவர் அமைத்திருந்தால், சிலருக்குப் பக்கம் திறக்கும். சிலருக்கு 404 வரும். “சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை” என்ற புகார்தான் வந்து சேரும். இப்படிப்பட்ட புகாரைத் தீர்க்க ஒரு நல்ல கேள்வி உண்டு: தோல்வி கண்டவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருப்பது என்ன? பட்டியலை எடுத்துப் பார்த்தால், அவர்கள் பெயர்களில் எல்லாம் சாய்கோடு இருப்பது தெரியவரும். முகவரியில் பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண்ணைக் கொடுத்தால் சிக்கல் தீரும். ஒருவரின் பெயர் முகவரியில் வெளிப்படையாகத் தெரிவதும் தவிர்க்கப்படும்.

பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்பாடு விதிக்கும் படிவங்களும் உண்டு. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களும் உண்டு. தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. தம் பெயரையே “தவறான பெயர்” என்று ஒரு திரை சொல்லும்போது, முதியவர் ஒருவர் பதிவு செய்யாமலேயே விட்டுவிடக்கூடும். முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வைப்பது எளிய தீர்வு.

தமிழ் எழுத்துகளிலும் கவனம் தேவை. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட் ஆகிறது. பெயருக்கு 20 பைட் போதும் என்று இடம் ஒதுக்கினால், ஆறு தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடம் இருக்காது.

திரையில் தெரிவதை வைத்தும் நோயைக் கணிக்கலாம். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற விநோத எழுத்துகள் தெரிந்தால், தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். படிக்கும் முறைதான் தவறு. தரவுத்தளத்துக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக இருந்தால், சேமிக்கும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. அவற்றை மீட்க முடியாது. பதிவு செய்தவரிடம் மீண்டும் கேட்க வேண்டியதுதான். எனவே, சேவையைத் திறந்துவிடுவதற்கு முன்பே ஒரு தமிழ்ப் பெயரையும் ‘எஸ்/ஓ’ உள்ள பெயரையும் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

சாவியும் பிறர் தகவலும்

பயிற்சிக்கு உண்மையான தரவு வேண்டும் என்பவர்கள், 2011இல் தொடங்கப்பட்ட அரசாங்கப் பொதுத் தரவுத்தளத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமாலையும் பயன்படுத்தலாம். பேருந்து வருகை நேரத் தகவலைப் பெற டேட்டாமாலில் பதிந்து ஒரு சாவியைப் பெற வேண்டும்.

அந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைப்பது, மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் தவறு. பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியை ரத்துசெய்துவிட்டுப் புதியது பெறுவதே சரியான வழி. பணம் கட்டிப் பயன்படுத்தும் மேகக்கணினிச் சாவி இப்படி வெளியானால், வேறொருவர் பயன்பாட்டுக்கான கட்டணம் மாணவரின் தலையில் விழும்.

பிறர் தகவலைச் சேகரிக்கும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. சட்டப்படி தேவைப்படும் சூழல்களிலும் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்யவேண்டிய சூழல்களிலும் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டி நெறிமுறை சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. புதிர்ப்போட்டிக்கு அது தேவையே இல்லை. கேட்காத தகவல் கசியவும் செய்யாது. அதேபோல், பழுது தேடும் பயிற்சியைச் சொந்தச் சேவையில் மட்டுமே செய்ய வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினி அமைப்புக்குள் நுழைவது சட்டப்படி குற்றம்.

பழகுவது எப்படி?

பழுது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாம். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு என்ன எண் வருகிறது என்று பார்க்கலாம். நிரலை நிறுத்தினால் 502 வருகிறதா என்று கவனிக்கலாம். இரு நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது: ஒருவர் ரகசியமாக ஒன்றைக் கெடுத்துவைக்க, மற்றவர் பதிவேட்டைப் படித்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். ஐந்தை ஒன்றாக மாற்றிய பிறகு சேவை ஓடினால், எது மருந்து என்பது தெரியாமலே போய்விடும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால், “வேலை செய்யவில்லை” என்று மட்டும் கேட்டால் அதுவும் ஊகித்துத்தான் சொல்லும். எந்தப் படிவரை சரியாக உள்ளது, என்ன எண் வந்தது, பதிவேட்டில் என்ன வரி உள்ளது என்பதை மறைச்சொற்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்.

தீர்ந்த ஒவ்வொரு பழுதையும் நான்கு வரிகளில் எழுதி வைக்கலாம்: என்ன தெரிந்தது, எங்கே தேடியது, உண்மைக் காரணம் எது, எப்படிச் சரியானது. ஓராண்டில் அது ஒரு சிறு நூலாகிவிடும். வேலை நேர்காணலில், தயாரித்த செயலியைக் காட்டும் மாணவர்கள் பலர் இருப்பார்கள். அது எப்போது, ஏன் நின்றது, எப்படி மீண்டும் ஓடியது என்பதையும் விளக்கத் தெரிந்தவர்மீது பொறுப்பை நம்பி ஒப்படைக்கலாம்.