2147483647 ஒரு முதன்மை எண்ணா?

1 ஐயும் தன்னையும் தவிர வேறு காரணிகள் இல்லாத, 1 இலும் பெரிய எண்ணை முதன்மை எண் என்கிறோம். 7, 31 போன்றவற்றைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் 2147483647? கணிகருவி இல்லாத காலத்தில், 1772 ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டவர் லியோனார்ட் ஒய்லர்.

இவ்வெண் 2³¹ இலிருந்து 1 ஐக் கழிக்க வருவது. இவ்வகை எண்களைப் பற்றிப் பிரான்ஸ் நாட்டுத் துறவி மரின் மெர்சென் 1644 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுட்டி 31 ஆனாலும் 67 ஆனாலும் முதன்மை எண்ணே கிடைக்கும் என்பது அவரது கூற்று. ஆனால் அதற்கு நிறுவல் எதுவும் அவர் தரவில்லை.

ஓர் எண் முதன்மை எண் அல்ல என்றால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத காரணி ஒன்று, 1 ஐத் தவிர, அதற்கு இருந்தே தீரும். நமது எண்ணின் வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றுத் தாண்டுகிறது. ஆகவே 46,340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். கையால் செய்வதற்கு அதுவும் மலைப்பான வேலைதான். ஒய்லர் முதலில் சிந்தித்தார், பிறகுதான் வகுத்தார்.

சிறிய உதாரணம் ஒன்றைப் பாருங்கள். 2¹¹ இலிருந்து 1 ஐக் கழித்தால் 2047. அதன் காரணிகள் 23, 89. இவற்றில் 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1. இரண்டும் 22 இன் மடங்கிலும் 1 கூடியவை. 22 என்பதோ சுட்டி 11 இன் இருமடங்கு. இது தற்செயல் அல்ல. சுட்டி ஒற்றை முதன்மை எண்ணாக இருந்தால் காரணிகள் எப்போதும் இப்படியே அமையும் என்பதைப் பெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டு நிறுவலாம்.

அப்படியானால் நமது எண்ணின் காரணியை 62 ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். அதனை 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே மிஞ்சும். 46,340 வரை, 1 ஐ விட்டால், அவை 373 மட்டுமே. அவற்றுள்ளும் 63, 249 போன்ற முதன்மை அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். எஞ்சிய எதனாலும் 2147483647 மீதியின்றி வகுபடவில்லை. அது முதன்மை எண் என்பது உறுதியானது. பல பத்தாண்டுகள், அறியப்பட்ட மிகப் பெரிய முதன்மை எண்ணாக அதுவே விளங்கியது.

67 இன் கதை வேறு. அது தரும் எண் முதன்மை எண் அல்ல என்று 1876 இல் எதுவார்ட் லூக்கா, காரணிகளைக் காணாமலே நிறுவினார். 1903 இல் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளைக் காட்டினார்: 193707721 × 761838257287.

மெர்சென் சொன்னதில் ஒன்று சரி, மற்றது பிழை. எது சரி, எது பிழை என்பதை அவரது பெயரோ புகழோ தீர்மானிக்கவில்லை, நிறுவல்தான் தீர்மானித்தது. விடை மட்டும் போதாதா, படிமுறைகள் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் தங்கைகளே, 67 ஐ ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.