தெருவே பரமபதம்!

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபத படத்தை விரித்து உட்காருவது நம் வீடுகளில் பழைய வழக்கம். புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. 1890-களில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பாம்பு-ஏணி ஆட்டத்துக்கும் தாய்வீடு நம் நாடுதான்.

சென்ற ஏகாதசியன்று என் சின்னவன், "காயை நகர்த்தி நகர்த்திப் போர் அடிக்குதும்மா. நாமே காயா இருந்தா என்ன?" என்றான். எனக்கு அத்தையின் ஞாபகம்தான் வந்தது. மாமனார் காலமானதிலிருந்து எட்டு மாதமாக அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. "காலில் கோளாறு ஒன்றுமில்லை, நடக்கச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். சொன்னால் கேட்கிறவரா?

எங்கள் தெரு முட்டுச் சந்து. இரு புறமும் 32 வீடுகள். ஒவ்வொரு வாசலும் ஒரு கட்டம், கோடியிலிருக்கும் பிள்ளையார் கோயில்தான் பரமபதம். "பெருமாள் கோயில் இல்லையே" என்றார் அத்தை. "மருமகன்தானே அத்தை, உள்ளே விடுவார்" என்றேன். எட்டு மாதத்தில் அன்றுதான் சிரித்தார்.

பித்தளைத் தாயக்கட்டையை மளமளவென்று பார்த்து எண்ணிக்கை சொல்ல அவரால்தான் முடியும். ஆகவே எங்கள் 3-ம் நம்பர் திண்ணையில் அவர் உருட்ட, பிள்ளைகள் ஓடினார்கள். தாயம் விழுந்தால்தான் இறங்கலாம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டல். 9-ம் வீட்டு வேப்பங்கன்றுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் 21-க்கு ஏணி. 27-ல் பாம்பு. அங்கே கிடக்கும் காகிதங்களைப் பொறுக்கிவிட்டு 6-க்கு இறங்க வேண்டும் என்று வைத்தேன். "பொறுக்கினா புண்ணியம்தானே, ஏன் இறங்கணும்?" என்று சண்டை. அதுவும் நியாயம்தான்! நொண்டியடித்துக்கொண்டே இறங்கினால் போதும் என்று மாற்றினோம்.

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல்தான் ஆட்டம். காலில் செருப்பு கட்டாயம். ஸ்கூட்டர் வருகிறதா என்று பார்க்கத் தெருமுனையில் ஓர் அம்மா நிற்க வேண்டும். இதில் மட்டும் அசட்டை கூடாது. ஆறரை வரை ஒருத்தரும் செல்போன் கேட்கவில்லை!

மூன்றாம் நாள், "பாட்டி, நீங்க சொல்றது கேக்கலை!" என்று கோடியிலிருந்து ஒரே கத்தல். அத்தை கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். 15-ம் வீட்டுத் திண்ணை வரை நடந்தே போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது தினமும் அங்கேதான் உருட்டல். அன்று திரும்பும்போது வழியில் 11-ம் வீட்டில் காபி குடித்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வந்தார்.