சம்பளம் கூடுகிறது... மிச்சமும் கூடுமா? ஊர் மாறும் முன் ஒரு நோட்டுக் கணக்கு

மதுரையில் வேலை பார்ப்பவருக்கு பெங்களூரிலிருந்து ஆஃபர் லெட்டர் வருகிறது. இங்கே கைக்கு வருவது 45,000 ரூபாய்; அங்கே 75,000. வீடே சந்தோஷத்தில் மிதக்கிறது. “இதுல யோசிக்க என்னடா இருக்கு?” என்று சித்தப்பா போனிலேயே அவசரப்படுத்துகிறார். மனைவி மட்டும், “ஏங்க, ஒரு தடவை நோட்டுல எழுதிப் பார்த்துட்டு சரின்னு சொல்லலாமே” என்கிறார்.

வேலைக்காக ஊர் மாற நினைக்கும் எந்தக் குடும்பமும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். அப்படி எழுதினால் கணக்கு எப்படி வரும் என்பதற்கு இந்தக் குடும்பம் ஓர் உதாரணம். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். போடும் முறை ஒன்றுதான்.

மதுரைக் கணக்கு

கணவர் சம்பளம் 45,000. மனைவி பக்கத்துப் பள்ளியில் வாங்குவது 14,000. மொத்தம் 59,000 ரூபாய். சொந்த வீடு என்பதால் வாடகை இல்லை. நான்கு வயதுக் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

மளிகை, பால், காய்கறி 14,000, கரன்ட், கேஸ், போன் 3,000, குழந்தையின் பள்ளிக்கு 4,000, பெட்ரோல் 2,500, மற்றவை 7,500. செலவு 31,000 போக, மாதம் 28,000 ரூபாய் மிஞ்சுகிறது.

பெங்களூர்க் கணக்கு

வாடகை 24,000, அடுக்குமாடிப் பராமரிப்பு 3,000. மளிகை, பால், காய்கறி 13,000. கரன்ட், கேஸ், தண்ணீர், இன்டர்நெட் 3,500. பள்ளியும் வேனும் 9,000. ஆபீஸ் போய்வர 4,500. மற்றவை 6,000. ஊருக்கு வந்துபோக 4,000. மதுரையில் இருக்கும் பெற்றோருக்கு 5,000. மொத்தம் 72,000 ரூபாய்.

75,000-ல் மிச்சம் வெறும் 3,000!

சம்பளம் 30,000 கூடியும் சேமிப்பு 25,000 குறைகிறது. விலைவாசி மட்டும் இதற்குக் காரணமில்லை. மனைவியின் சம்பளம், சொந்த வீடு, மாமியாரின் கவனிப்பு ஆகிய மூன்றும் ஊரோடு நின்றுவிடுகின்றன. இவற்றுக்கு மதுரையில் யாரும் பில் போட்டதில்லை என்பதால், கணக்கில் முதலில் விட்டுப்போவதும் இவைதான்.

மனைவிக்கு அங்கே 20,000 ரூபாயில் வேலை கிடைத்து, குழந்தைக் காப்பகத்துக்கு 8,000 போனால், கூடுதலாக 12,000 வரும். அப்போதும் மிச்சம் 15,000-தான்.

போய் இறங்கும் செலவு

பெங்களூரில் ஐந்து, ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சகஜம். பத்து மாதம் கேட்கும் பழைய வழக்கமும் முழுதாகப் போய்விடவில்லை. மத்திய அரசின் 2021-ம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. ஆனால், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.

ஐந்து மாதம் என்றாலே 1,20,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றிச்செல்லும் கூலி, பள்ளி அட்மிஷன் எல்லாம் தனி. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும். இந்தப் பணத்துக்காக நகையை அடகு வைத்தால், அதன் வட்டியும் மாதச் செலவில் சேரும்.

மாநிலம் மாறினால்...

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் பெறலாம். ஆனால், சராசரிப் பயன்பாட்டை வைத்தே ஒவ்வொரு வீட்டுக்குமான அளவு முடிவாகிறது. பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் இரண்டு மாநிலங்களிலும் உண்டு. கர்நாடகத்தில் அந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டை தேவை. அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

வண்டியைக் கொண்டுபோனால், 12 மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருக்கும்போது மறுபதிவு செய்து அந்த மாநில வரியையும் கட்ட வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் ஊரிலேயே விட்டுவிடலாமா என்று யோசிக்கலாம்.

விலையைத் தெரிந்துகொள்வது எப்படி?

‘பெங்களூர் வாடகை’ என்று பொதுவாகத் தேடினால் பயனில்லை. ஆபீஸிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் எவ்வளவு, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வாடகை குறையும் இடத்தில் பயணச் செலவும் நேரமும் கூடும். வீட்டுக்காரரிடம் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். 2024 கோடையில் அந்த நகரின் பல பகுதிகள் டேங்கர் லாரிகளை நம்பியே இருந்தன.

மளிகைக்கு எளிய வழி உண்டு. வழக்கமாக வாங்கும் பட்டியலை ஷாப்பிங் ஆப்பில் போட்டு, பின்கோடை மட்டும் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேட்க வேண்டிய சம்பளம்

ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து ஏமாறக் கூடாது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தால்தான் உண்டு என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்பது தப்பில்லை.

பெங்களூர்ச் செலவு 72,000. மதுரையில் மிஞ்சுவது 28,000. இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சம். மனைவிக்கும் அங்கே வேலை கிடைத்தால் 88,000. இந்தக் குடும்பம் இப்போது இருக்கும் நிலையிலேயே தொடர, கணவருக்குக் கையில் வர வேண்டிய சம்பளம் இதுதான். இந்த எண் தெரிந்தால், பேரம் பேசும்போது தடுமாற்றம் இருக்காது.

குறைந்த சேமிப்போடு போவதும் சில நேரம் சரியான முடிவே. இரண்டு, மூன்று வருடத்தில் பெரிய பொறுப்புக்கு உயர வழி இருக்கிறதா, மனைவியின் படிப்புக்கு அங்கே நல்ல வேலை உண்டா என்பதும் கணக்கில் சேர வேண்டும். சந்தேகம் இருந்தால், தகுதிகாண் காலம் முடியும்வரை கணவர் மட்டும் பி.ஜி.யில் தங்கிப் பார்க்கலாம். அதற்குள் மூன்று மாத உண்மையான செலவு கையில் இருக்கும்.

நோட்டை மூடிவிட்டு, “சரி, ஹெச்.ஆர்.கிட்ட பேசிப் பார்க்கிறேன்” என்கிறார் கணவர். சித்தப்பாவுக்கு நாளைக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.